530 மைக்ரானில் ஒரு வரவு செலவு

கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று லேசர் சிகிச்சைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது ரூபாயைத்தான். எவ்வளவு ஆகும், தவணை உண்டா, காப்பீட்டில் வருமா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்தச் சிகிச்சையில் இரண்டு கணக்குகள் சேர்ந்தே ஓடுகின்றன. ஒன்று ரூபாயில், இன்னொன்று மைக்ரானில். ரூபாயில் விழும் பள்ளத்தை அடுத்த வருடச் சம்பளத்தில் நிரப்பிவிடலாம். மைக்ரானில் எடுத்ததைத் திருப்பி வைக்க வழியே கிடையாது. அதனால் இரண்டாவது கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம்.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் கருவிழியின் நடுப்பகுதி பெரும்பாலானவர்களுக்கு 500 முதல் 560 மைக்ரான் வரை இருக்கும். அதாவது அரை மில்லிமீட்டர் சொச்சம். கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன், அதாவது பவர், சுமார் 60 டயாப்டர்; அதில் 43 அளவுக்கு இந்த மெல்லிய படலமே பார்த்துக்கொள்கிறது. அதன் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் மைனஸ் பவர் போய்விடும் என்பதுதான் லேசிக் என்ற இந்த லேசர் சிகிச்சையின் மொத்த யோசனையும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வயது 24, இரண்டு கண்ணிலும் மைனஸ் 5, கருவிழித் தடிமன் 530 மைக்ரான். இதுதான் கையிருப்பு.

முதல் பற்று, மேலே திறக்கும் மூடி. மருத்துவமனைகளில் 'ஃபிளாப்' என்பார்கள். சுமார் 110 மைக்ரான். சிகிச்சை முடிந்ததும் அதை அதே இடத்தில் மூடிவிடுவார்கள், எதையும் வெட்டி எறிவதில்லை. ஆனாலும் அதைப் பற்றில்தான் எழுத வேண்டும். மூடிய மூடி பழைய வலுவோடு ஒட்டிக்கொள்வதில்லை. கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு இல்லை.

இரண்டாவது பற்று, லேசர் எடுப்பது. இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. சரிசெய்யும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தைப் பவரால் பெருக்கி, 3-ஆல் வகுக்க வேண்டும். வட்டம் 6.5 மில்லிமீட்டர் என்றால் ஒரு டயாப்டருக்கு 14 மைக்ரான். மைனஸ் 5-க்கு 70 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்தான். சிலிண்டர் பவர் இருந்தால் அதுவும் சேரும். இன்றைய இயந்திரங்கள் ஓரங்களை மழுக்குவதற்காக இன்னும் கொஞ்சம் எடுக்கும்.

வட்டத்தைச் சுருக்கினால் மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். 6 மில்லிமீட்டராக்கினால் டயாப்டருக்கு 12 மைக்ரான்தான், மைனஸ் 5-க்கு 10 மைக்ரான் லாபம். ஆனால் இருட்டில் இளைஞர்களின் கண்பாப்பா 6, 7 மில்லிமீட்டர் வரை விரியும். சரிசெய்த வட்டத்துக்கு வெளியிலிருந்து வெளிச்சம் உள்ளே நுழைந்தால், எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். 10 மைக்ரானை மிச்சம் பிடித்து இரவுப் பயணத்தைக் கெடுத்துக்கொள்வது நல்ல பேரமில்லை.

இருப்பைப் பார்ப்போம். 530-இல் 110-உம் 70-உம் போக மூடிக்கு அடியில் 350 மைக்ரான் நிற்கிறது. 250-க்குக் கீழே போகவே கூடாது என்பது நெடுங்கால விதி. இன்று பலர் 300 இருந்தால்தான் தொடுகிறார்கள். இன்னொரு சோதனையும் உண்டு. மூடியும் எடுத்ததும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தொடக்கூடாது. இங்கே 34 சதவீதம். தேறிவிட்டார். பிற்பாடு மைனஸ் 1 திரும்பி வந்து மறுபடி லேசர் போட வேண்டியிருந்தால், அதற்கும் 14 மைக்ரான் கையில் இருக்கிறது.

அதே 530-இல் மைனஸ் 8 இருப்பவரைப் பாருங்கள். லேசர் 112 எடுக்கும். இருப்பு 308. எண்ணைப் பார்த்தால் 300-க்கு மேல்தான். ஆனால் சதவீதம் 42-ஐ நெருங்குகிறது. கருவிழியை உள்ளிருந்து அழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுவர் மெலிந்தால் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அது கூம்பாகப் புடைத்துவிடும். பிறகு கண்ணாடி போட்டாலும் எழுத்து நேராகத் தெரியாது. அரிதாக நடப்பதுதான். நடந்தவருக்கு முழுக் கணக்கும் அதுவே. அதனால் மைனஸ் 8-க்கு லேசர் வேண்டாம் என்று ஒரு மருத்துவர் சொன்னால், வேண்டுமென்றே திருப்பி அனுப்புகிறார் என்று வருந்தாமல் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். இன்னொரு மருத்துவமனையில் "பண்ணிடலாம்" என்று சொல்கிறார்களா என்று தேடிப் போவதுதான் ஆபத்து.

இங்கேதான் காப்பீட்டு விதி வந்து முட்டுகிறது. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளின் பொது விலக்குப் பட்டியலில், 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவு சேராது என்று எழுதியிருக்கிறது. ஆக மைனஸ் 5 காரருக்கு ஒரு பைசா வராது. சரி, 7.5 இருப்பவருக்கு? அவருக்கு லேசர் எடுப்பது 105 மைக்ரான், மூடியோடு 215, கருவிழி 530 என்றால் 40.6 சதவீதம். காப்பீடு கதவைத் திறக்கும் அதே எண்ணில், சாதாரணத் தடிமன் உள்ள கண்ணுக்கு லேசிக் கதவு மூடுகிறது. அவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது, கருவிழியைச் செதுக்காமல் கண்ணின் உள்ளே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் முறை. அதன் செலவு லேசரைவிட அதிகம் என்பதால், பாலிசியின் அந்த வரியைப் படித்து முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்கிவிடுவது நல்லது.

ராணுவ அதிகாரி வேலைக்கு முயல்கிறவர்களுக்கு இன்னொரு கோடு இருக்கிறது. லேசிக் செய்தவர்களை ஏற்கும் நுழைவுகளில், 20 வயதுக்குப் பின் செய்திருக்க வேண்டும், 12 மாதம் கழிந்திருக்க வேண்டும், கண்ணின் நீளம் 26 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, கருவிழி 450 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நம் மைனஸ் 5 காரருக்கு மூடியோடு சேர்த்து 460 நிற்கும், தப்பித்தார். அதே தடிமனில் மைனஸ் 6 என்றால் 446-க்கு இறங்கிவிடும். நான்கே மைக்ரானில் ஒரு கனவு போய்விடும். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை இந்தக் கழித்தலைச் சிகிச்சைக்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும்.

லேசிக் தவிர வேறு முறைகளும் உண்டு. ஸ்மைல் முறையில் மூடி கிடையாது. லேசிக்கில் சுமார் 20 மில்லிமீட்டர் சுற்றளவுக்கு வெட்டு விழும்; இதில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல்தான், அதன் வழியாக உள்ளே வெட்டிய ஒரு மெல்லிய வில்லையை உருவிவிடுவார்கள். ஆனால் அந்த வில்லையைக் கிழியாமல் உருவ வேண்டுமானால் 15 மைக்ரான் வரை கூடுதலாகத் தடிமன் வைக்க வேண்டும். விளம்பரத்தில் இந்தப் பற்று வராது. பிஆர்கே பழைய முறை. மூடியே இல்லை, மேல்தோலை மட்டும் சுரண்டிவிட்டு லேசர். அந்த 50 மைக்ரான் மேல்தோல் சில நாளில் தானே வளர்ந்துவிடும். மூன்று நான்கு நாள் வலியும் கூச்சமும் இருக்கும். மெல்லிய கருவிழிக்காரர்களுக்கு இதுவே சிக்கனம்.

இத்தனை நுணுக்கமாகக் கழிக்க முடிகிறதென்றால் காரணம் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் லேசர். ஒரு துடிப்புக்கு கால் மைக்ரான் அளவில்தான் எடுக்கும். 70 மைக்ரான் ஆழத்துக்கு ஒரே இடத்தில் சுமார் 280 துடிப்பு. சுட்டெரிப்பதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து விலக்குகிறது. அதனால் பக்கத்துத் திசு வேகாது. உயிர்த்திசுவில் இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீநிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-லும் 1950-லும் அறிவியல் பட்டங்கள் பெற்று அமெரிக்கா போனவர். 1981 நவம்பரில், நன்றியறிதல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய் இந்த லேசரில் வைத்தார். கரி படியாமல் சுத்தமாக வெட்டுப்பட்டது. அவரும் ஜேம்ஸ் வின்னும் சாமுவேல் பிளமும் சேர்ந்து செய்த அந்த வேலை, 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலின் கூட்டால் கருவிழிக்கு வந்தது. 1995-இல் அமெரிக்க அரசு பிஆர்கேவுக்கு அனுமதி தந்தது. நம் ஊரில் படித்த ஒருவரின் பெயர் இந்தச் சிகிச்சைக்குப் பின்னால் இருப்பது, லேசிக் செய்துகொண்ட தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது.

பரிசோதனைக்கு வருவோம். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் ஒன்றிரண்டு வாரம், கடினமான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தை அழுத்தி மாற்றியிருக்கும். அந்தப் பொய் வடிவத்தை அளந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய். பவர் ஒரு வருடமாக அரை டயாப்டருக்கு மேல் மாறாமல் நின்றிருக்க வேண்டும். கண்ணீர்ப் பரிசோதனைக்கு 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வடிகாகிதத் துண்டு. நுனியை மடித்துக் கீழிமைக்குள் மாட்டிவிட்டு 5 நிமிடம் உட்காரச் சொல்வார்கள். ஈரம் மெதுவாகக் கோடு கோடாக ஏறும். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் நிம்மதி. 5-க்குள் நின்றுவிட்டால் லேசரைத் தள்ளிவைப்பதே நல்லது, ஏனென்றால் மூடி வெட்டும்போது கண்ணீரைத் தூண்டும் நரம்புகளும் அறுபடும். அவை ஓரளவு திரும்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையையும் பார்ப்பார்கள். அன்று பைக் ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது, கூட ஒருவர் வேண்டும். இந்தப் பரிசோதனையை வேண்டாமென்று தட்டக்கூடாது. லேசிக் கருவிழியை மட்டுமே மாற்றும்; நீண்டு போன கண் நீண்டபடியே இருக்கும். மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை கிழியும் அபாயம் கண்ணாடியோடு கழன்று போவதில்லை.

இப்போது ரூபாய். முறையையும் ஊரையும் பொறுத்து இரண்டு கண்ணுக்கும் சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா என்பதை முதலில் கேளுங்கள். நம் கணக்குக்கு இரண்டுக்கும் 80,000 என்று வைப்போம். பரிசோதனை 2,500. ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு சொட்டு மருந்து 500. செயற்கைக் கண்ணீர் மாதம் ஒரு புட்டி, ஆறு மாதம், புட்டி 350 வீதம் 2,100. கூலிங் கிளாஸ் 800. நான்கு நாள் விடுப்பில் நாளுக்கு 1,200 போனால் 4,800. தேனியிலிருந்து மதுரைக்கு வருகிறவர் என்றால் பரிசோதனை, சிகிச்சை, மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என ஏழு நடை. இரண்டு பேருக்கு பஸ்ஸும் சாப்பாடும் நடைக்கு 400 என்றால் 2,800. கூட்டினால் 93,500.

எதிர்ப்பக்கம்: 24 வயதிலிருந்து 42 வரை 18 வருடம், இரண்டு வருடத்துக்கு ஒரு கண்ணாடி 3,500 வீதம், ஒன்பது கண்ணாடிக்கு 31,500. ஆக கண்ணாடி மட்டும் போடுகிறவருக்கு லேசர் 62,000 ரூபாய் கூடுதல் செலவு. "கண்ணாடிச் செலவு மிச்சம்" என்று யாராவது சொன்னால் அது தவறு. மாதம் 1,000 ரூபாய்க்கு லென்ஸும் திரவமும் வாங்குகிறவருக்கோ எட்டு வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். மழையில் வண்டி ஓட்டுகிறவருக்கும், அடுப்படி ஆவியில் நிற்கிறவருக்கும், கபடி ஆடுகிறவருக்கும் கண்ணாடி இல்லாத முகத்தின் மதிப்பை நான் ரூபாயில் எழுதப் போவதில்லை. அது உண்மையான லாபம். ஆனால் அதைச் சிக்கனம் என்று பெயர் மாற்றி விற்கக்கூடாது.

சிகிச்சை நாளில் கழியும் நேரம் மிகக் குறைவு. மரத்துப்போகும் சொட்டு மருந்து, இமை விரிக்கும் கம்பி, பிறகு கண்மேல் உறிஞ்சு வளையம். அது அழுத்தும் சில விநாடிகள் பார்வை இருண்டு போகும். பயப்பட வேண்டாம், அது அழுத்தத்தால் வருவது. மூடியைத் திறந்ததும் முன்னால் மினுக்கும் புள்ளி கலங்கிப் பரவித் தெரியும். அதையே பார்க்கச் சொல்வார்கள். டக் டக் என்று ஓசை, முடி கருகும் வாடை. புதிய இயந்திரங்களில் மைனஸ் 5-க்கு லேசர் ஓடுவது 10 விநாடிக்குள். கண் சற்று அசைந்தால் லேசரும் கூடவே நகரும், அதிகம் அசைந்தால் தானே நின்றுவிடும்.

பிறகு கண்ணைக் கசக்கக்கூடாது, மூடி நகர்ந்துவிடும். ஒரு வாரம் தலைக்கு ஊற்றிக்கொள்ளக்கூடாது, மை வேண்டாம், ஒரு மாதம் கிணற்றிலும் குளத்திலும் இறங்கக்கூடாது. தீபாவளிக்கு முந்தின வாரம் தேதி வாங்கினால் எண்ணெய்க் குளியல் போயிற்று.

அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முன்னின்று நடத்திய இரண்டு ஆய்வுகளில் 574 பேர் கலந்துகொண்டார்கள், அதில் 262 பேர் கடற்படையினர். பார்வையில் திருப்தி என்றவர்கள் 95 சதவீதத்துக்கு மேல். அதே ஆய்வுகளில், முன்பு ஒளிவட்டம், கூச்சம், இரட்டைத் தோற்றம் எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் ஏதாவது ஒன்று புதிதாக வந்ததாகச் சொன்னார்கள். வறட்சியே இல்லாதிருந்தவர்களில் 30 சதவீதம் வரை வறட்சி. அன்றாட வேலைக்கே பெரும் சிரமம் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் கீழ். இந்த எண்களை எல்லாம் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவது முறையல்ல.

40-ஐத் தாண்டினால் லேசர் செய்தவருக்கும் படிக்கும் கண்ணாடி வரும். மைனஸ் உள்ளவர் அந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாள் படிப்பார்; லேசர் செய்தவருக்கு அந்த வசதி போய்விடும். 38 வயதில் வருகிறவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும், அவருக்கு இருப்பது நாலைந்து வருடம்தான்.

இன்னொன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். முதுமையில் கண்புரை வந்து உள்லென்ஸ் வைக்கும்போது, அதன் பவரைக் கணிக்கக் கருவிழியின் வளைவு தேவை. லேசரால் அது மாறியிருக்கும், வழக்கமான கணக்குத் தவறும். சிகிச்சைக்கு முந்தைய வளைவு அளவு, தடிமன், பவர், எத்தனை மைக்ரான் எடுத்தார்கள் என்ற நான்கும் கையில் இருந்தால் அப்போதைய மருத்துவருக்குப் பெரிய உதவி. டிஸ்சார்ஜ் சீட்டில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. கருவிழி வரைபடத்தின் அச்சுப் பிரதியையும் லேசர் இயந்திரத்தின் அறிக்கையையும் தனியாகக் கேட்க வேண்டும். வாங்கியதும் கைபேசியில் படமெடுத்து, வீட்டில் பத்திரம் இருக்கும் கோப்பிலேயே அதையும் சேர்த்து வையுங்கள்.