காக்கிச் சட்டைக்குள் ஒரு மனம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

காவல் நிலையம் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு முதலில் எழுவது அச்சமே. மனு எழுதத் தெரியாத வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வந்த என் போன்றோர்க்கு அந்த அச்சம் சற்றுக் கூடுதல். ஆனால் அங்கே பாராவில் நிற்கும் காவலரும் நம்மைப் போன்ற ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவர் நம்மிடம் எப்படிப் பேசுகிறார் என்பது, அவருடைய மேலதிகாரி அவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தது. காவல்துறையில் தலைமைக்கும் பணியாளர் மனவுறுதிக்கும் உள்ள இத்தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனவுறுதி என்பது வெறும் வீரமன்று. 'என் வேலைக்குப் பொருள் உண்டு. எனக்கு நியாயம் கிடைக்கும். நேர்மையாக நடந்தால் என் அதிகாரி என் பின்னால் நிற்பார்' என்ற நம்பிக்கையே மனவுறுதி. இதை வள்ளுவர் நன்கு உணர்ந்திருந்தார். 'படைமாட்சி' அதிகாரத்தின் இறுதியில், தேய்ந்து குறைதல், நீங்காத வெறுப்பு, வறுமை ஆகிய மூன்றும் இல்லாத படையே வெல்லும் என்கிறார். வீரர் எத்தனை பேர் இருந்தாலும் தலைவர் இல்லையேல் படையே இல்லை என்று அதிகாரத்தை முடிக்கிறார். படைக்குச் சொன்ன இந்நான்கும் காவல்துறைக்கும் பொருந்துவதைக் காண்போம்.

தேய்வு

ஐதராபாத்திலுள்ள இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி நடத்தி, 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள் என்று அது கூறுகிறது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர்க்கு மாதத்தில் ஒரு நாள்கூட வார ஓய்வு கிடைக்கவில்லை. ஆள் குறைய, இருப்பவர் சுமை ஏறுகிறது.

இயற்பியலில் உலோகச் சோர்வு என்று ஒன்றைப் படிக்கிறோம். ஒரே தடவையில் தாங்கக்கூடிய சிறு விசைதான். ஆனால் அது ஓயாமல் மீண்டும் மீண்டும் தாக்கினால், ஒரு நாள் இரும்பும் முறிந்துவிடும். இரவுப் பாரா முடிந்து, காலையில் பந்தோபஸ்து சென்று, மாலையில் நிலையம் திரும்பும் மனிதர் மனுவோடு வரும் கிழவியிடம் எரிந்து விழுவதன் காரணம் இங்கே தொடங்குகிறது. அது அச்செயலை நியாயப்படுத்தாது, ஆனால் விளக்குகிறது.

தமிழ்நாட்டில் காவலர்க்கும் தலைமைக் காவலர்க்கும் வார ஓய்வு வழங்க 2021இல் அரசாணை வெளியாயிற்று. எனினும், பணிப்பட்டியலை எழுதும் ஆய்வாளர் மனம் வைத்தால்தான் ஆணை ஓய்வாக மாறும்.

வெறுப்பு

நம் காவல்துறையின் அடித்தளம் 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் இயற்றிய 1861ஆம் ஆண்டுச் சட்டம். மேலே கட்டளையிடச் சிலர், கீழே கேள்வி கேளாமல் கீழ்ப்படியப் பலர் என்பதே அன்றைய அமைப்பு. அதன் எச்சமாக நின்றது ஆர்டர்லி முறை. நாட்டைக் காக்க உறுதிமொழி எடுத்தவர் அதிகாரி வீட்டுக் காய்கறிப் பையைச் சுமந்தார். தமிழ்நாட்டில் இம்முறையை ஒழிக்க 1979இலேயே அரசாணை பிறந்தது. ஆனால் 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அதை நடைமுறைப்படுத்துமாறு ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் கழிந்தவை 43 ஆண்டுகள்! அவமானப்பட்டவர் அந்த அவமானத்தைத் தமக்குக் கீழே இருப்பவரிடம் இறக்கி வைப்பார். காவலருக்கும் கீழே இருப்பவர் யார்? பொதுமக்களாகிய நாம்தாம்.

வறுமை

1918 ஆகஸ்டு 30இல் லண்டன் மாநகரக் காவலர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். போர்க்கால விலைவாசியில் குடும்பம் நடத்த ஊதியம் போதவில்லை. அடுத்த ஆண்டு டெஸ்பரோ குழு அமைக்கப்பட்டு, ஊதியம் உயர்ந்தது. நம் நாட்டிலும் 1973இல் உத்தரப் பிரதேச ஆயுதக் காவல்படையில் கிளர்ச்சி மூண்டு, இராணுவம் அழைக்கப்பட்டது. 1979இல் பஞ்சாபில் தொடங்கிய காவலர் கிளர்ச்சி பிற மாநிலங்களுக்கும் பரவியது. தர்ம வீரா தலைமையில் 1977இல் அமைந்த தேசியக் காவல் ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே காவலர் நிலையை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

1966ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, காவலர்கள் அனுமதியின்றித் தொழிற்சங்கம் அமைக்க இயலாது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. காவலருக்கு அதிகாரியின் செவி ஒன்றே வாசல். அந்த வாசல் மூடினால் குறை எங்கே போகும்? ஆகவே, குறை கேட்பது அதிகாரி காட்டும் கருணையன்று, அவரது கடமை.

தலைமை

நல்ல தலைவர் பணியையும் ஓய்வையும் நடுநிலையோடு பங்கிடுவார். விசாரிக்காமல் மெமோ கொடுக்கமாட்டார். நற்செயலை ரோல்காலில் எல்லார் முன்னும் பாராட்டுவார். ஆனால் அவரும் நிலைத்து நிற்க வேண்டுமே! செல்வாக்கு மிக்கவர் நினைத்த நேரத்தில் அவரை மாற்றிவிட முடியுமானால், கீழே உள்ளவர் யாரை நம்புவர்? இதனால்தான் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலைய அதிகாரி உள்ளிட்டோர்க்குக் குறைந்தது 2 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்றது.

தவறு செய்த காவலரைத் தண்டித்தால் துறையின் மனவுறுதி குலையும் என்பார் உண்டு. இது பிழையான வாதம். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, நடந்ததை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர். அவருக்குப் பாதுகாப்பளிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. உண்மையான மனவுறுதி அவரிடம் இருந்தது. குற்றத்தை மூடி மறைக்கும் ஒற்றுமைக்கு அப்பெயர் பொருந்தாது. நேர்மையாளர் தனித்துவிடப்படாமல் காப்பதே தலைமையின் முதல் சோதனை.

நண்பர்களே! நம் வகுப்புகளிலிருந்து ஆண்டுதோறும் பலர் காவலர் தேர்வும், உதவி ஆய்வாளர் தேர்வும் எழுதுகிறோம். சிலர் துணைக் கண்காணிப்பாளராகவும் வரலாம். உடல் தகுதிக்கு மைதானத்தில் ஓடிப் பழகுவோர் இதையும் நினைவிற்கொள்க. நாளை நம் கீழே பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களை நாம் நடத்தும் விதமே, மனுவோடு வரும் நம் தாய்மாரை அவர்கள் நடத்தும் விதமாகும்.