பிள்ளைகள் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தால்...

தோட்டத்து மக்களுக்கு ஆபத்து புதிதல்ல. மழைக் காலத்தில் ஆறு ஏறும். பள்ளிக்கூட வேன் கவிழும். களைக்கொல்லி காற்றோடு லயம் வரைக்கும் வரும். இப்படி ஏதோ ஒன்றில் ஒரே நாளில் ஐம்பது, நூறு பிள்ளைகள் படுத்துவிட்டால் நம் வட்டார ஆஸ்பத்திரி தாங்குமா? தொழிலாளத் தோழர்களும் தாய்மார்களும் இதை ஒரு தடவையாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

பாசிர் கூடாங்கில் நடந்தது

2019 மார்ச் மாதம், ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். மார்ச் 7ஆம் தேதி, ஆற்றுக்கு அருகிலிருந்த பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது, தலை சுற்றியது, வாந்தி வந்தது. சில நாட்களில் இரண்டாவது அலை கிளம்பியது. மார்ச் 13ஆம் தேதி 111 பள்ளிகளை மூட உத்தரவு வந்தது. மொத்தத்தில் ஏறக்குறைய 6,000 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். 2,775 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகள். ஆஸ்பத்திரி மட்டும் போதாமல், உள்ளரங்கு விளையாட்டு மண்டபத்தையே மருத்துவ முகாமாக மாற்ற வேண்டியதாயிற்று.

பட்டணத்திலேயே இந்தப் பாடு என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் ஓட வேண்டிய தோட்டத்தில் என்ன கதி?

பிள்ளைகளுக்கு ஏன் தனி ஏற்பாடு?

"பெரியவங்களைப் பாக்குற டாக்டர் பிள்ளைங்களைப் பாக்க மாட்டாரா?" என்று கேட்பீர்கள். பார்ப்பார். ஆனால் பிள்ளையின் உடம்பு வேறு கணக்கு.

பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். கைக்குழந்தை 30 முதல் 60 முறை விடும். ஆகவே காற்றில் நஞ்சு கலந்தால், உடம்பின் எடைக்குப் பார்க்கையில் பிள்ளைதான் அதிகம் உள்ளே இழுக்கிறது. சில நச்சு வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை, தரையோடு தங்கும். பிள்ளையின் மூக்கும் தரைக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது.

இரத்தத்தைப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லிலிட்டர் இரத்தம். பத்துக் கிலோ பிள்ளைக்கு மொத்தமே 800 மில்லிலிட்டர். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர் கொட்டினால் கால் பங்கு போய்விட்டது! பெரியவருக்குத் தாங்கக்கூடிய காயம் பிள்ளைக்கு உயிராபத்து.

மருந்தும் எடையைப் பொறுத்தது. அவசரத்தில் தராசு தேட முடியாது. அதற்காகவே நிறம் தீட்டிய அளவு நாடா ஒன்று உண்டு. பிள்ளையைப் படுக்க வைத்துத் தலை முதல் குதிகால் வரை அளந்தால், எந்த நிறத்தில் முடிகிறதோ அந்த நிறத்திலேயே மருந்தளவும் குழாயின் அளவும் எழுதியிருக்கும். புரோஸ்லோ நாடா என்று பெயர். அதே நிறப் பைகளில் சாமான்களை முன்கூட்டியே போட்டு வைத்தால், பதற்றத்திலும் தவறு குறையும்.

சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு

பேரிடரில் டாக்டர்கள் நோயாளிகளை நிறம் பிரிப்பார்கள். உடனே பார்க்க வேண்டியவர் சிவப்பு, சற்றுப் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், நடந்து வரக்கூடியவர் பச்சை, பிழைக்க வழியில்லாதவர் கறுப்பு. பெரியவர்களுக்கு உள்ள முறைப்படி, மூச்சுப் பாதையைத் திறந்துவிட்டும் மூச்சு வராவிட்டால் கறுப்பு. பிள்ளைகளிடம் இந்தக் கணக்கு செல்லாது. பிள்ளைக்கு முதலில் மூச்சு நிற்கும். இதயம் இன்னும் கொஞ்ச நேரம் துடிக்கும். ஆகவே நாடி இருந்தால் ஐந்து முறை மூச்சு ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு திரும்பினால் அந்தப் பிள்ளை சிவப்பு. 1995இல் அமெரிக்க டாக்டர் லூ ரோமிக் வகுத்த ஜம்ப்ஸ்டார்ட் முறை இது. பயிற்சி இல்லாத ஆள் கறுப்புச் சீட்டுக் கட்டிவிட்டால், பிழைக்க வேண்டிய பிள்ளை போய்விடும்.

நஞ்சு பட்ட பிள்ளையின் உடுப்பைக் களைந்தாலே பெரும்பகுதி நஞ்சு போய்விடும். பிறகு கழுவ வேண்டும். ஆனால் குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்றினால் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். வெதுவெதுப்பான நீர், காய்ந்த துணி, கூடவே தாயோ தெரிந்தவரோ இருக்க வேண்டும். இதையெல்லாம் அன்றைக்குத் தேடினால் கிடைக்காது.

இடம், ஆள், பொருள்

ஆஸ்பத்திரியின் ஆயத்தத்தை இந்த மூன்று சொல்லில் அடக்கலாம். பிள்ளைகள் வார்டு நிரம்பினால், வளர்ந்த பிள்ளைகளைப் பெரியவர் வார்டுக்கு மாற்ற ஏற்பாடு உண்டா? குழந்தை நிபுணர் இல்லாத ஆஸ்பத்திரி, எந்த நேரமும் போனில் யோசனை கேட்க ஒருவர் உண்டா? சின்ன முகமூடி, சின்ன ஊசி, பால், நாப்பி கையிருப்பில் உண்டா? மின்சாரம் போனால் என்ன வழி? 2014 டிசம்பரில் கிளந்தானைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் கோலக்கிராய் ஆஸ்பத்திரியே சூழப்பட்டுத் தவித்ததை மறந்துவிடலாகாது.

இன்னொன்று, பிள்ளையின் அடையாளம். 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயலுக்குப் பிறகு 5,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் காணாமற்போனதாகவோ பெற்றோரைப் பிரிந்ததாகவோ பதிவாயின. கடைசிப் பிள்ளை வீடு சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பேசத் தெரியாத பிள்ளை தன் பேரை எப்படிச் சொல்லும்?

நாம் செய்ய வேண்டியவை

1. பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், போன் எண், எடை, இழுப்பு, வலிப்பு போன்ற நோய், ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதிப் பள்ளிப் பையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையைத் திருத்துங்கள்.

2. ஆயாக் கொட்டகையில் தினமும் வந்த பிள்ளைகளின் பட்டியல் இருக்கட்டும். ஆபத்து நேர்ந்தால் பேனாவால் பிள்ளையின் கையிலேயே பெயரை எழுதுங்கள்.

3. 999க்கு அழைக்கும்போது எத்தனை பிள்ளைகள், என்ன வயது, என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அப்போதுதான் ஆஸ்பத்திரி தயாராகும். எல்லாரையும் ஒரே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் குவிக்காமல், அவர்கள் சொல்லும் இடத்துக்கு அனுப்புங்கள்.

4. மருந்து விஷமானால் டின்னையோ அதன் லேபிளையோ எடுத்துச் செல்லுங்கள். "வாந்தி எடுக்க வையி" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

5. கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தோட்ட நிர்வாகமும் பள்ளியும் வட்டார ஆஸ்பத்திரியும் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது, பிள்ளைகளையும் வைத்து ஒத்திகை நடத்தும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.

சம்பளத்துக்கும் வீட்டுக்கும் ஒன்றாக நின்று கேட்கிறோம். நம் பிள்ளைகளின் மூச்சுக்காகவும் அப்படியே நின்று கேட்போம்.