ஒரு கோடி முறை குனிந்து நிமிரும் செயற்கைத் தட்டு

முதுகெலும்பின் தட்டு தேய்ந்துபோன சிலருக்குச் செயற்கைத் தட்டு பொருத்தப்படுகிறது. அதன் உறுதியை எப்படி அறிவது?

கிழக்கு பெர்லினில் உருவான 'சாரிட்டே' தட்டு 1984-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதன் தொடக்ககால வடிவங்களில் உலோகத் தகடுகள் முறிந்தன. பிறகு வடிவம் மாற்றப்பட்டது.

இன்று அனைத்துலகத் தரநிலைப்படி, மனித உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸில், கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த திரவத்தில் தட்டை அமிழ்த்தி, இயந்திரம் ஒரு கோடி முறை வளைத்துத் திருப்புகிறது. வினாடிக்கு ஒரு முறை என்றாலும் ஏறக்குறைய நான்கு மாதமாகும். தட்டின் எடை எவ்வளவு குறைந்தது என்று பிறகு அளக்கிறார்கள். ஏனெனில் உதிரும் துகள்கள் எலும்பை அரிக்கச் செய்யலாம்.

இயந்திரத்தில் தட்டு சரியான இடத்தில் இருக்கும். உடலில் சற்று விலகினாலும் தேய்மானம் மாறிவிடும். எனவே அறுவைச் சிகிச்சைக்கு முன், "இந்தத் தட்டைப் பொருத்தியவர்களை எத்தனை ஆண்டு கண்காணித்தார்கள்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.