எந்த ஊர்?

வெளி மாநிலத்தில் தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால் எழும் வினா, "தங்களுக்கு எந்த ஊர்?" என்பதே. கும்பகோணம் என்று விடை வரும். விடையளித்தவர் நாக்பூரிலேயே பிறந்து வளர்ந்தவராகவும் இருக்கலாம். அதனால் எவரும் அவரைப் பொய்யர் எனக் கூறார். ஆனால் அதே விடையை அரசாங்கப் படிவத்தில் எழுதினால் இடர் நேரக்கூடும். 'ஊர்' என்ற ஒரு சொல்லில் நாம் அடக்கிவிடுவதை ஆங்கிலம் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது.

'நேட்டிவ் பிளேஸ்' என்பது மூதாதையர் ஊர். 'பிளேஸ் ஆப் பர்த்' என்பது பிறந்த இடம். தாய்வீட்டில் பிள்ளைப்பேறு நிகழும் நம் குடும்பங்களில் இவ்விரண்டும் வேறுபடுவது இயல்பே.

'ரெசிடென்ஸ்' என்பது குடியிருப்பு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க, 'ஆர்டினரிலி ரெசிடென்ட்' ஆக இருத்தல் வேண்டும். இதனைச் 'சாதாரணமாகக் குடியிருப்பவர்' என்று பெயர்த்தால், ஆடம்பரமின்றி வாழ்பவர் என்று எண்ணத் தோன்றும்! வழக்கமாகக் குடியிருப்பவர் என்பதே பொருள். ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதனால் மட்டும் ஒருவர் அவ்விடத்தில் வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. தற்காலிகமாக வெளியூர் சென்றதனால் அந்நிலையை இழப்பதும் இல்லை. ஆகவே, கும்பகோணத்தில் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்க, நாக்பூரில் குடித்தனம் நடத்துபவர் நாக்பூரிலேயே பெயரைப் பதிதல் முறை.

'டொமிசைல்' என்பதே மிகுந்த குழப்பம் விளைப்பது. வீட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்று பிறந்த இது, நிலையாக வாழும் எண்ணத்தோடு ஒருவர் கொண்ட இல்லத்தைக் குறிக்கும். இந்தியா முழுமைக்கும் டொமிசைல் ஒன்றே, மாநிலத்திற்கொன்று இல்லை என்று 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனினும் மாநிலங்கள் 'டொமிசைல் சர்டிபிகேட்' வழங்கியே வருகின்றன. பெயர் அதுவாயினும், அவற்றில் பெரும்பாலும் கேட்கப்படுவது இத்தனை ஆண்டுக் குடியிருப்பு, இத்தனை ஆண்டுப் படிப்பு என்பதே.

சொல் வேறுபாடு பணத்தையும் தொடும். இந்தூர் மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரதவாசிகளுக்கு மட்டும் தனிக்கட்டணம் விலக்கப்பட்டிருந்தது. டில்லி மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு தடுப்பது பிறந்த இடத்தைக் கொண்டு வேற்றுமை காட்டுவதை. குடியிருப்பு வேறு, பிறப்பிடம் வேறு என்று கூறி, 1955இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியை நிலைநிறுத்தியது. மருத்துவ மேற்பட்டப் படிப்பில் குடியிருப்பின்பேரில் இடம் ஒதுக்குவது செல்லாது என 2025இல் தீர்ப்பாயிற்று. முதற்பட்டப் படிப்பில் அது ஓரளவுக்கு அனுமதிக்கப்பட்டே இருக்கிறது.

ஆதலால், பிள்ளைகளை அங்கே படிக்க வைக்கும் பெற்றோர், படிவத்தின் தலைப்போடு நின்றுவிடாது அதன்கீழுள்ள நிபந்தனையையும் படித்துப் பார்க்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ்களை ஆண்டுவாரியாகச் சேர்த்து வைத்தலும் நன்று; குடியிருந்ததை மெய்ப்பிக்க அவை உதவும்.