வரைந்த குமிழைத் திருக முடியாது

சின்தசைசரின் குமிழ், ஃபேடர், பட்டன் எல்லாவற்றையும் அச்சு அசலாகத் திரையில் வரைந்து காட்டும் செயலிகளுக்கு இன்று பஞ்சமில்லை. டேப்லெட்டில் விரலை இழுத்தால் மேசை மேலிருக்கும் கருவியின் ஒலி மாறுகிறது. இதில் மாயம் ஏதுமில்லை. 1983 முதல் மின்னணு இசைக்கருவிகளுக்குள் பொதுமொழியாக இருக்கும் மிடி என்ற முறையில், குமிழைத் திருகுவது என்பது 0 முதல் 127 வரையிலான ஓர் எண்ணை அனுப்புவதுதான். அந்த எண் உலோகக் குமிழிலிருந்து வந்ததா, கண்ணாடித் திரையிலிருந்து வந்ததா என்று கருவி கேட்பதில்லை. அப்படியானால் குமிழ்கள் இனி எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும். குமிழைப் போல நடிக்கும் வரை தொடுதிரை ஒரு மட்டமான குமிழ்; குமிழால் முடியாததைச் செய்யும்போதுதான் அது ஒரு கருவி என்பது என் கட்சி.

திரைக்கு நியாயமாகச் சேரவேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடலாம். 1983-இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7 உலகெங்கும் விற்றுத் தீர்ந்த கருவி. ஆனால் அதன் ஒலியைச் செதுக்க நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகள் இருந்தும், அவற்றை மாற்றத் தட்டையான பட்டன்கள், ஒரே ஒரு நகர்த்தி, இரண்டு வரிச் சின்னத் திரை ஆகியவற்றைத்தான் தந்தார்கள். ஒவ்வோர் அளவையும் தனியே தேடிப் பிடித்து மாற்றவேண்டும். பெரும்பாலானோர் அந்த வம்பே வேண்டாம் என்று ஆலையில் ஏற்றித் தந்த ஒலிகளோடு நின்றுவிட்டார்கள். அத்தனை அளவுகளையும் ஒரே பக்கத்தில் விரித்துக் காட்ட டேப்லெட்டால் முடிகிறது. அவசரமில்லாமல் உட்கார்ந்து ஒலியை உருவாக்கும் வேலைக்கு அது பெரிய வரம்.

மேடையில் கதை வேறு. குமிழைத் தொடுவதும் திருகுவதும் இரண்டு தனிச் செயல்கள். விரல் முதலில் அதைத் தேடிப் பிடிக்கும், சற்று நேரம் சும்மா வைத்திருக்கும், வேளை வந்ததும் திருப்பும். கண்ணாடியில் இந்த இடைவெளி கிடையாது. தொட்டாலே கட்டளை போய்விடும். கை ஓய்ந்திருக்க இடமில்லை என்பதால் கண் ஓயாமல் காவல் காக்க வேண்டியிருக்கிறது. பழைய பட்டன் போனில் திரையைப் பார்க்காமலே எண் அழுத்தியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். போதாததற்கு, படத்தில் இருக்கும் குமிழை விரலே மறைத்துக்கொள்கிறது. விரல் வியர்த்தால் திரை தடுமாறுகிறது. கூட வாசிப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கலைஞர் குனிந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பது சிறிய இழப்பல்ல.

வழக்கத்தை விட்டு விலகியபோதுதான் தொடுதிரை தன் பலத்தைக் காட்டியது. ஐபோன் வருவதற்கு முன்பே, பிரான்சின் போர்தோ நகரத்து ஜாஸ்மியூட்டன்ட் நிறுவனம் லெமூர் என்ற பல்விரல் தொடுதிரைக் கருவியை விற்கத் தொடங்கியது. திரையில் ஒரு பந்தைச் சுண்டிவிட்டால் அது சுவர்களில் மோதி மோதித் திரும்பும். அதன் நிலைக்கேற்ப ஒலியும் அலையும். எந்தக் குமிழும் இப்படித் துள்ளாது. பாடகி பியோர்க் 2007-இல் தொடங்கிய தன் இசைப்பயணத்தில் லெமூரை மேடையேற்றினார்.

நமக்கு நெருக்கமான சான்று கமகம். பியானோ வகைக் கட்டைகளில் இரண்டு சுரங்களுக்கு நடுவே நிற்க இடமில்லை. ஜியோஷ்ரெட் போன்ற செயலியில் விரல் கண்ணாடியில் வழுக்கிச் செல்லும் பாதை முழுவதுமே சுருதி. இசைக்கலைஞர் மகேஷ் ராகவன் ஐபேடில் கர்நாடக இசை வாசிக்கும் காணொளிகள் பரவலானதற்கு இந்த வழுக்கலே காரணம். ஒரு சுரத்தை வளைத்தால் கூட ஒலிக்கும் மற்றவையும் சேர்ந்து வளையும் பழைய சிக்கலும், ஒவ்வொரு சுரத்துக்கும் தனித் தடம் ஒதுக்கும் எம்பிஇ முறை 2018-இல் மிடியின் அங்கமானதும் தீர்ந்தது.

வயலினிலும்தான் மெட்டுகள் இல்லை, விரல் பழகிக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் வயலினில் தந்தி விரலை எதிர்த்து அழுத்துகிறது, கழுத்தின் வளைவு கைக்கு இடம் சொல்கிறது. சாதாரணத் தொடுதிரைக்கோ அழுத்தமே தெரியாது. ஆப்பிள் 2015-இல் ஐபோனில் அழுத்தம் உணரும் திரையைக் கொண்டுவந்து, 2019-இல் வந்த மாடல்களில் கைவிட்டது. ஏ.ஆர். ரஹ்மான் ‘டெல்லி 6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் வாசித்த கன்டினுவம் என்ற கருவியின் பரப்போ கண்ணாடி அல்ல. விரல் அமுங்குவதை உணரும் மெத்தென்ற பரப்பு. சுருதியை வழுக்கவும் ஒலியை அழுத்தத்தால் ஏற்றி இறக்கவும் அதில் ஒரே விரல் போதும்.

கையில் போன் இருக்கும் மாணவருக்கு வேறு கருவி வாங்கும் செலவு மிச்சம் என்ற வாதத்தை மறுப்பதற்கில்லை. தொடங்க அதுவே போதும். ஆனால் ஆயுள் கணக்கையும் பார்க்கவேண்டும். 1983-இன் மிடி சின்தசைசர் இன்றைய கணினியோடும் பேசும். ஐபேடின் வருகைக்குப்பின் லெமூர் கருவி நின்றுபோய், 2011-இல் செயலியாக மறுபிறவி எடுத்தது. அந்தச் செயலியையும் 2022-இல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு வேறொரு நிறுவனம் வாங்கி மீட்டது. இத்தகைய செயலிகளை நம்பி நிகழ்ச்சி நடத்துவோர், ஒரு பழைய டேப்லெட்டை எந்தப் புதுப்பிப்பும் செய்யாமல் மேடைக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பதும், அதன் பக்கத்திலேயே எட்டுக் குமிழ் கொண்ட சிறு பெட்டி ஒன்றைச் செருகி வைத்துக்கொள்வதும் அதனால்தான்.