பல்லில் அடிபட்டால்…



பால் வெட்டி முடித்து, நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வருகிறார். ஈர மண்ணில் கால் சறுக்கிவிடுகிறது. கம்பு முகத்தில் இடித்து உதட்டில் சிறிது இரத்தம் கசிகிறது. பல் உடையவில்லை, விழவும் இல்லை. "இது ஒரு அடியா?" என்று வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அன்று இரவு சோற்றை மெல்லும்போதுதான் தெரிகிறது, முன்பல்லில் நாக்குப் பட்டாலே வலிக்கிறது என்று.

இது யாருக்கும் நேரக்கூடியதே. பந்து விளையாடும் பையனுக்கும் நேரலாம். செம்பனை மட்டை தட்டிவிட்ட அண்ணனுக்கும் நேரலாம். உடையாத பல் ஏன் வலிக்க வேண்டும்?

நம் பல் தாடை எலும்பில் அறைந்த ஆணியைப் போல நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையில் மெல்லிய நார்கள் இருக்கின்றன. அவை மெத்தையைப் போலப் பல்லைத் தாங்குகின்றன. அடிபட்டதும் இந்த நார்கள் நைந்து வீங்கிவிடுகின்றன. அதனால்தான் கடிக்கும்போது வலிக்கிறது. பல்லுக்கு ஓய்வு கொடுத்தால் இந்த வலி பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும்.

ஆனால், கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. வேரின் நுனியில் உள்ள சிறு துவாரத்தின் வழியாகத்தான் இரத்தக் குழாய்களும் நரம்பும் பல்லுக்குள் செல்கின்றன. அடியில் அவை அறுந்துவிட்டால் பல் உள்ளுக்குள்ளேயே செத்துவிடும். அப்போதும் வலி நின்றுவிடும்! "குணமாகிவிட்டது" என்று நாம் இருந்துவிடுவோம். சில மாதங்கள் கழித்துப் பல் சாம்பல் நிறமாகும். ஈறில் சீழ்க்கட்டி கிளம்பும். ஆகவே, வலி போனதை மட்டும் வைத்துப் பல் பிழைத்தது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

அடிபட்டவுடன் என்ன செய்யலாம்? சுத்தமான நீரால் வாயைக் கொப்பளியுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, உதட்டின் மேல் பத்து நிமிடம் வையுங்கள். ஒரு வாரத்திற்குக் கஞ்சி, குழைந்த சோறு, வேகவைத்த முட்டை போன்ற மெதுவான உணவையே உண்ணுங்கள். முறுக்கு, கரும்பு, எலும்புக்கறி வேண்டாம். மிருதுவான பிரஷ்ஷால் இலேசாகப் பல் துலக்குங்கள். வலிக்கிறதே என்று துலக்காமல் விட்டால் அழுக்குச் சேர்ந்து ஈறு புண்ணாகும். வலிக்குப் பனடோல் மாத்திரையை உறையில் குறித்த அளவில் சாப்பிடலாம்.

சிலர் ஆஸ்பிரின் மாத்திரையை நேரே ஈறில் வைத்துக்கொள்கிறார்கள். அது ஈறைப் பொசுக்கிவிடும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. புகையிலையை அடக்கி வைப்பதும், பல்லை விரலால் ஆட்டி ஆட்டிப் பார்ப்பதும் தீமையே தரும்.

பல் ஆடினாலும், இடம் விலகினாலும், உடைந்தாலும், ஈறோரம் இரத்தம் கசிந்தாலும் அன்றே பல் மருத்துவரிடம் செல்லுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போலப் பொருந்தாவிட்டால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். மயக்கமோ வாந்தியோ வந்தால் தலையில் அடி. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டால்? வேரைத் தொடாமல், வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் நீரில் ஒரு முறை அலசி, அதே குழியில் பொருத்தித் துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு கோப்பைப் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் சேர்ப்பது நல்லது. இது நிலைப்பல்லுக்கு மட்டுமே. குழந்தையின் பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது; அடியில் வளரும் புதுப் பல் கெட்டுவிடும்.

"கிளினிக் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே" என்று தாய்மார்கள் தயங்குவது நமக்குத் தெரியும். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பல் மருத்துவர் பரிசோதித்துக் கொடுக்கும் நோய் விடுப்புக்கும் சம்பளம் உண்டு. 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குத் தெரிவித்துவிட வேண்டும். வேலையில் பட்ட அடியென்றால், சிறியதாயினும் அன்றே மண்டோரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பின்னாளில் சொக்சோ உதவி கேட்க அது துணையாகும்.

வலி தணிந்த பிறகும், மருத்துவர் வரச் சொன்ன நாள்களில் தவறாமல் போய்க் காட்டுங்கள். ஓராண்டு வரை பல்லின் நிறத்தைக் கண்ணாடியில் பார்த்து வாருங்கள். பல் செத்துவிட்டது என்று தெரிந்தாலும், வேரின் உள்ளே சுத்தம் செய்து அடைத்து, பிடுங்காமலே பல்லைக் காப்பாற்ற வழி உண்டு. காலம் தாழ்த்தினால்தான் அந்த வழியும் அடைபடும்.