எதை உண்ணலாம்? கென்யாவின் கிதேரி உணர்த்திய பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், கென்யாவின் நடுப்பகுதி மலைநாட்டிலிருந்து ஓர் இளைஞர் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்காக என்னிடம் வந்தார். உடன் வந்தவர் அவருடைய தாயார். சமையல் வசதியுள்ள ஒரு விடுதி அறையில் இருவரும் தங்கினர். அறுவை சிகிச்சைக்கான ஏற்பாடுகள் முடியும்வரை, வாரம் 3 முறை அவருக்கு டயாலிசிஸ் நடைபெற்றது. அவர்கள் இசைவுடனேயே இதனை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில், வீட்டில் வழக்கமாக என்ன உண்பீர்கள் என்று கேட்டேன். "கிதேரி" என்றார் தாயார். மக்காச்சோளமும் சிவப்பு ராஜ்மாவும் சேர்த்து வேகவைப்பது என்று விளக்கினார். ராஜ்மாவில் பொட்டாசியம் மிகுதி. எனவே, "அது வேண்டாம்" என்று சொல்லி, உண்ணக் கூடாதவற்றின் பட்டியலில் அதனையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரங்களில் அந்த இளைஞரின் எடை 4 கிலோ குறைந்தது. இரத்தத்தில் புரதத்தின் அளவும் இறங்கியிருந்தது. காரணம் கேட்டபோது தாயார் அமைதியாகச் சொன்னார்: "டாக்டர், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு பக்கம் நிறைய எழுதித் தந்தீர்கள். எதைச் சாப்பிடலாம் என்று எழுதவில்லையே."

அவர் கூறியது உண்மை. அன்று மாலையே எங்கள் உணவியல் வல்லுநரை அழைத்து, மூவருமாக அமர்ந்து கிதேரியின் செய்முறையை முழுவதும் கேட்டறிந்தோம்.

கிதேரி என்பது யாது?

கென்ய மலையைச் சூழ்ந்து வாழும் கிகூயு மக்களின் அன்றாட உணவு கிதேரி. கம்பா மக்களிடமும் இதே உணவு வேறு பெயரில் உண்டு. ராஜ்மாவுக்கு மாற்றாகக் காராமணியோ துவரையோ சேர்ப்பாரும் உளர். மூன்று கல் அடுப்பில் மண்பானையை ஏற்றி, மணிக்கணக்கில் மெல்ல வேகவிடுவது பழைய முறை. கென்யாவில் விடுதிப் பள்ளியில் பயின்றோர் பலருக்கும் மதிய உணவென்றால் நினைவுக்கு வருவது இதுவே. மிஞ்சியதை மறுநாள் வெங்காயத்துடன் வதக்கி உண்பர்.

பொருள் இரண்டே எனினும், அவற்றின் சேர்க்கை பொருள் நிறைந்தது. மக்காச்சோளத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் அது மிகுதி. பயற்றில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் கிடைக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், புலால் இன்றியே நல்ல புரதம் கிடைக்கிறது. நார்ச்சத்தும் போதிய அளவு உண்டு.

வீட்டில் செய்யும் முறை (4 பேருக்கு)

தேவையானவை: உலர்ந்த மக்காச்சோளம் 200 கிராம், ராஜ்மா 150 கிராம், பெரிய வெங்காயம் 1, கேரட் 1, நறுக்கிய முட்டைக்கோஸ் ஒரு கிண்ணம், எண்ணெய் 2 தேக்கரண்டி, கொத்தமல்லித் தழை, உப்பு.

1. மக்காச்சோளத்தையும் ராஜ்மாவையும் கழுவி, தனித்தனிப் பாத்திரங்களில் நிறைய நீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடவும். காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிடவும்.

2. மக்காச்சோளம் வேக நேரமாகும். ஆகவே அதனை முதலில் குக்கரில் இட்டு, மிதமான தீயில் 20 நிமிடங்கள் வேகவிடவும்.

3. அதே வேளையில், ராஜ்மாவைத் திறந்த பாத்திரத்தில் புதிய நீர் நிறைய ஊற்றிக் கொதிக்கவிடவும். நன்கு தளதளவெனக் கொதிக்கத் தொடங்கிய பின் 10 நிமிடங்கள் கொதித்தல் வேண்டும். பின்னர் அந்நீரையும் வடித்துவிடவும்.

4. குக்கரில் உள்ள நீரை வடித்து, ராஜ்மாவை மக்காச்சோளத்துடன் சேர்த்து, புதிய நீர் ஊற்றி மீண்டும் 20 நிமிடங்கள் வேகவைக்கவும். விரல்களுக்கிடையே அழுத்தினால் எளிதில் மசிய வேண்டும். இல்லையேல் மேலும் வேகவிடவும்.

5. வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், கேரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றை வதக்கி, வெந்தவற்றை நீர் வடித்துச் சேர்க்கவும். அளவான உப்பிட்டு, கொத்தமல்லி தூவி இறக்கவும்.

மறக்கலாகாதவை

அரைவேக்காட்டு ராஜ்மா நஞ்சாகும். அதிலுள்ள லெக்டின் என்னும் பொருள், உண்ட 1 முதல் 3 மணி நேரத்திற்குள் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். நான்கைந்து பச்சை விதைகளே இதற்குப் போதுமானவை. கொதிநிலையை எட்டாத மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்திருந்தாலும் இந்நஞ்சு அழியாது. மூன்றாம் படியைத் தவிர்க்க வேண்டாம் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைக் கழுவியோ வேகவைத்தோ பயன்படுத்தலாகாது. 2004ஆம் ஆண்டு கென்யாவின் கிழக்குப் பகுதியில் அத்தகைய மக்காச்சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்றனர்; அவர்களுள் 125 பேர் உயிரிழந்தனர். பூஞ்சையில் உருவாகும் அஃப்ளடாக்சின் கல்லீரலைச் சிதைப்பது. சமைக்கும் சூட்டில் அது அழிவதில்லை. நிறம் மாறிய, முடைநாற்றம் வீசும் மணிகளைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

சமைத்த உணவை 2 மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, உண்ணுமுன் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு இது மிகவும் இன்றியமையாதது.

யார், எவ்வளவு உண்ணலாம்?

நீரிழிவு உள்ளவர்கள் கிதேரியைத் துணை உணவாகக் கொள்ளாமல், சோற்றுக்கு மாற்றாகவே கொள்ள வேண்டும். இதனுடன் சோறும் சப்பாத்தியும் சேர்ந்தால் மாவுச்சத்து மிகுந்துவிடும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் கணக்கறிந்து உண்ண வேண்டும். வேகவைத்த 100 கிராம் ராஜ்மாவில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. பொட்டாசியம் நீரில் கரையும் தன்மையது. எனவே ஊறிய நீரையும் வெந்த நீரையும் வடிப்பதால் அதன் அளவு குறையும். ஆயினும் முற்றிலும் நீங்காது. கிதேரியில் சிலர் சேர்க்கும் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் இவர்கள் தவிர்த்தல் நன்று. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் மாற்று உப்புகளில் பொட்டாசியம் குளோரைடு இருக்கக்கூடும்; மருத்துவரைக் கேளாமல் அவற்றைப் பயன்படுத்தலாகாது.

பொட்டாசியத்தை வீட்டு வரவுசெலவு போல எண்ணிக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் செலவிட்டால் மற்றோரிடத்தில் சுருக்க வேண்டும். அந்த இளைஞருக்கு நாங்கள் செய்ததும் இதுவே. வாழைப்பழத்தையும் பழச்சாற்றையும் நிறுத்தி, அந்த இடத்தில் வாரம் 3 நாள், ஒரு சிறு கிண்ணம் கிதேரியை அனுமதித்தோம். ஒவ்வொரு வாரமும் இரத்தப் பரிசோதனை செய்தோம். அவருடைய பொட்டாசியம் எல்லையைத் தாண்டவில்லை. 6 வாரங்களில் 2 கிலோ எடை கூடியது. முதல் நாள் தாயார் சமைத்ததை முழுவதும் உண்டு முடித்ததாக அவரே வந்து சொன்னார்.

அவருக்குப் பொருந்திய அளவு உங்களுக்கும் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம். உங்கள் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தே அளவை வகுக்க இயலும். டயாலிசிஸ் பெறுவோருக்குத் திடீரெனத் தசைத் தளர்ச்சியோ நெஞ்சுப் படபடப்போ ஏற்பட்டால், காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

அன்று முதல் என் வெளிநோயாளர் அறையில் ஒரு வழக்கம் மாறியிருக்கிறது. விலக்க வேண்டியவற்றை எழுதும் தாளின் மறுபக்கத்தில், உண்ணத்தக்கவற்றையும் எழுதித் தருகிறேன். யாரேனும் அதனை மறந்துவிட்டால், நீங்களே கேளுங்கள். உங்கள் வீட்டில் விரும்பி உண்ணும் உணவு எதுவோ, அதன் செய்முறையை ஒரு தாளில் எழுதி அடுத்த முறை கொண்டு வாருங்கள். அதில் எதைக் குறைக்கலாம், எதை மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.